வெயிலும் குளிசையும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் நோக்கி ஏறிச் செல்வோர், தேயிலை மலைகள் திறந்த வானத்தின் கீழ் விரிந்து கிடப்பதையும், நக்கிள்ஸ் வனத்தின் அடர்நிழலில் ஏலம் செழிப்பதையும் அடுத்தடுத்துக் கண்டு, ஒரே பிரதேசத்து மக்களுக்கும் சூரியன் சமமாகக் கிட்டுவதில்லை என்பதை உணரலாம். கொழுந்து பறிப்பவரின் கரங்களில் படும் புற ஊதாக் கதிர், சருமத்திலுள்ள ஒரு பொருளை விற்றமின் டி ஆக மாற்ற, அதனைக் கல்லீரலும் பின்னர் சிறுநீரகமும் பக்குவப்படுத்துகின்றன. அவ்வாறு பக்குவமுற்ற பின்னரே, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் செவ்வனே கிரகித்துக்கொள்ள அது துணை புரிகின்றது. ஜன்னல் கண்ணாடியூடாக வரும் வெயிலால் இக்காரியம் நடவாது. கருமை மிகுந்த சருமத்துக்குக் கூடுதல் நேர வெயிலும் தேவை.

ஆகவே, லயத்து அறைக்குள்ளேயே முடங்கிவிட்ட ஆச்சிக்கும், தாய்ப்பால் மாத்திரமே அருந்தும் சிசுவுக்கும் குறைபாடு நேரக்கூடும் என்பதும், அத்தகையோருக்குக் குளிசையோ சொட்டு மருந்தோ மெய்யாகவே உபகாரமாகும் என்பதும் நியாயமே. ஆனால் நோவு கண்ட ஒவ்வொருவரும் அதனைத் தாமாகவே வாங்கி விழுங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. அமெரிக்காவில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர், குறைபாடு உண்டா என்று பாராமலே சேர்க்கப்பட்டு, அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் தினமும் 2,000 சர்வதேச அலகு (IU) உட்கொண்ட ஆய்வொன்றின் முடிவு 2022 இல் வெளியானபோது, எலும்பு முறிவு குறையவில்லை என்றே தெரிந்தது.

வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 600 அலகும், எழுபதைக் கடந்தோருக்கு 800 அலகும் போதுமானவை. வைத்திய ஆலோசனையின்றி 4,000 ஐத் தாண்டலாகாது. இந்தியாவில் பெரிதும் வழங்கும் 60,000 அலகுக் குளிசையொன்றில் அடங்கியிருப்பது ஏறக்குறைய நூறு நாளுக்குரிய அளவாகும். வாரத்துக்கு ஒன்றாக, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும், எழுதிக் கொடுக்கப்படுகின்ற அதனைத் தினக் குளிசையென எண்ணி விழுங்குவோர் படும் அவஸ்தை மிகக் கொடியது. கொழுப்பில் கரையும் இப்பொருள் உடலிலேயே தங்கி, இரத்தத்தில் கல்சியத்தை ஏற்றிவிட, குமட்டல், தீராத் தாகம், மலச்சிக்கல், சித்தக் கலக்கம் ஆகியன தோன்றி, ஈற்றில் சிறுநீரகமும் பழுதுபடுகின்றது. வருடத்துக்கொரு முறை 500,000 அலகு கொடுக்கப்பட்ட முதிய பெண்கள் பிறரைக் காட்டிலும் அதிகமாக விழுந்து எலும்பு முறிந்தனர் என்று 2010 இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று அறிவித்ததையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

அயல்நாட்டு உறவினர் அனுப்பிய விற்றமின் டி போத்தலில் குறித்துள்ள அலகு எத்தனையென முதலில் வாசியுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவரும், இரத்த அழுத்தத்துக்காகத் தயசைட் வகை மருந்தோ, இருதயத்துக்காக டிகொக்சினோ உட்கொள்பவரும், அப்போத்தலையும் ஏனைய குளிசைகளையும் ஒருங்கே வைத்தியரிடம் காட்டிய பின்னரே அதனைத் திறக்க வேண்டும்.