மல்லிகையும் விமான இருக்கையும்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டின் போக்கை நம் வாசகர்கள் நன்கறிவர். முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லிகை விலை ஏறும். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்தாலோ கேட்கவே வேண்டாம். ஆயினும் பொழுது சாயச் சாய, பூ வாடிவிடுமே என்ற அச்சத்தில் வணிகர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். நிலக்கோட்டைப் பக்கம் மிஞ்சிய பூ சென்ட் ஆலைக்குப் போவதும் உண்டு.

விமான இருக்கையும் மல்லிகையைப் போன்றதே. விமானம் புறப்பட்டுவிட்டால் காலி இருக்கைக்கு ஒரு காசும் பெறுமதி இல்லை. அப்படியாயின் கடைசி நாளில் அதன் விலை இறங்கத்தானே வேண்டும்? ஏன் ஏறுகிறது?

இவ்வினா நம் பங்கில் ஒரு சாவு வீட்டில் எழுந்தது. தாய் இறந்துவிட்டார், இளைய மகன் துபாயில் இருந்தார். மறுநாள் மதுரைக்கு வர, அவர் முந்திய மாதம் விசாரித்து வைத்திருந்த கட்டணத்தைப்போல் மும்மடங்கு கேட்டார்களாம். முன்னரே வாங்கியிருக்கலாமே என்று அருகிலிருந்த ஒருவர் சொல்லிவைத்தார். மூத்த மகன் நம்மை நோக்கி, "சாமி, அம்மா சாகப்போறதை ஒரு மாசம் முன்னாடியே யாரு சொல்லுவா?" என்றார். நம்மிடம் விடை இல்லை.

பின்னர் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறோம். ஒரே விமானத்தில் ஒரே வகை இருக்கைகளையே நிறுவனங்கள் பல விலைப் படிகளாகப் பிரித்து வைக்கின்றன. கீழ்ப்படியில் சில இருக்கைகளே உண்டு. அவை விற்றுத் தீர்ந்தால் அடுத்த படி திறக்கும். சுற்றுலா செல்வோர் விலை பார்த்து முன்னதாக வாங்குவர். விலை கூடினால் பயணத்தையே தள்ளிவைப்பர். கடைசி நாளில் வருவோரோ வணிகத்துக்காகவோ, நோய்க்காகவோ, சாவுக்காகவோ போயே தீரவேண்டியவர்கள். அவர்களுக்கென்றே சில இருக்கைகள் உயர்ந்த விலையில் காக்கப்படுகின்றன. பூக்காரரிடம் விலை படியாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். தாயின் அடக்கத்தை அடுத்த வாரத்துக்கு மாற்ற முடியுமா?

இம்முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். மலிவுக் கட்டணப் போட்டியாளரான பீப்பிள் எக்ஸ்பிரஸைச் சமாளிக்க, 1985-இல் முன்கூட்டி வாங்குவோருக்கு மட்டும் பெரிய தள்ளுபடி அறிவித்து, எத்தனை இருக்கைகளை அவ்விலைக்கு விடலாம் என்பதைக் கணிப்பொறியால் கணக்கிட்டது. நம் நாட்டில் 1953-இல் விமானப் போக்குவரத்து தேசியமயமானது. அச்சட்டம் 1994-இல் நீக்கப்பட்டபின் தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2003-இல் தொடங்கிய ஏர் டெக்கான் முந்தி வாங்கிய சிலருக்கு ஒரு ரூபாய்ச் சீட்டும் விற்றது. கொரோனாக் காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டுக் கட்டணங்களுக்கு அரசே வரம்பு விதித்திருந்தது.

இரயிலிலும் இவ்வழக்கம் புகுந்துள்ளது. 2016 செப்டம்பரில் இராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், பத்து விழுக்காடு இடங்கள் விற்கும்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும் முறை வந்தது. நம் வைகை விரைவு வண்டிக்கு அது பொருந்தாது. தட்கலை விட்டால், அறுபது நாளுக்கு முன் வாங்கினாலும் முந்தின நாள் இடம் கிடைத்தாலும் ஒரே கட்டணம்தான்.

ஆதலால் நாள் தெரிந்த பயணங்களுக்காவது காத்திராதீர்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பிள்ளைகள் வருவதாயின் மழைக்காலம் வரை தள்ளுவது வீண். செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு என்பாரை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். மற்றொன்று: கீழ்ப்படியில் மூன்றே இருக்கைகள் எஞ்சியிருக்க, நால்வருக்குச் சேர்த்துக் கேட்டால், நால்வருக்கும் மேற்படி விலையையே காட்டுவது வழக்கம். முதலில் ஒருவருக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு நூறு இருநூறு மிச்சமாகும் விஷயமன்று இது.

துக்கத்துக்குச் செல்வோர்க்கெனத் தனிக் கட்டணம் வைத்துள்ள நிறுவனங்களும் உண்டு. ஏர் கனடாவும் டெல்டாவும் அவற்றுள் சில. நம் வளைகுடாப் பிள்ளைகள் ஏறும் விமானங்களிலும் அது வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை.

இளைய மகன் திருச்சி வழியாக வந்தார். அங்கே கட்டணம் சற்றுக் குறைவாயிருந்தது. உடல் கூடுதலாக ஒரு நாள் குளிர்ப்பெட்டியில் காத்திருந்தது. சீட்டுக்கு வாங்கிய கடனைத் தீர்க்க அவருக்கு ஐந்து மாதம் பிடித்ததாம்.