கண்ணுக்குள் தளரும் பளிங்குக் கூழ்

ஐம்பதைக் கடந்த ஒருவர் வெளுத்த வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். கண்முன்னே நுளம்பொன்று பறப்பதுபோலத் தோன்றுகிறது. கையால் ஓட்டினாலும் அகலவில்லை. விழியைத் திருப்பினால் அதுவும் உடன் திரும்புகிறது. அந்த நுளம்பு வெளியே இல்லை, கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணின் வில்லைக்கும் விழித்திரைக்கும் இடையே ஏறக்குறைய 4 மில்லிலீற்றர் அளவான கூழ் நிறைந்துள்ளது. விழிக்கோளத்தின் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பி நிற்கும் இதனைக் கண்ணாடியுடனீர் என்பர். இளநுங்கைப் போன்று ஒளி ஊடுருவும் இப்பொருளில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 பங்கு நீரே. அந்நீரைக் கூழாகத் தாங்கி நிற்பவை கொலாஜன் என்னும் நுண்ணிழைகளும் ஹயலுரோனிக் அமிலமுமாம். இவ்வமிலத்தை 1934ஆம் ஆண்டில் மாட்டின் கண்ணிலிருந்தே கார்ல் மேயர், ஜோன் பாமர் என்போர் முதன்முதலிற் பிரித்தெடுத்தனர்.

முதுமை நெருங்க, இக்கூழ் சிறிது சிறிதாக நீராய் இளகுகிறது. இழைகள் ஒன்றோடொன்று திரண்டு மிதக்கின்றன. அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதே நாம் காணும் நுளம்பு. பின்னர் எஞ்சிய கூழ் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுகிறது. பலருக்கு இவ்விலகல் தீங்கின்றி முடிந்துவிடும். ஆயின், கூழ் இறுகப் பற்றியுள்ள இடங்களில் விழித்திரை இழுபடும். விழித்திரை அறிந்த மொழி ஒளி ஒன்றே. ஆதலால் அவ்விழுப்பும் மின்னல் கீற்றாகவே தோன்றும்.

சிலருக்கு இழுப்பு மிகுந்து விழித்திரை கிழிந்துவிடுகிறது. இளகிய நீர் அக்கிழிசலினூடே புகுந்து, சுவரில் ஒட்டிய கடதாசியை ஈரம் உரிப்பதுபோல, விழித்திரையைப் பின்சுவரிலிருந்து பிரித்துவிடும். பிரிந்த பகுதி ஊட்டம் குன்றி நலியும். பார்வையின் ஓரத்திலிருந்து கருந்திரையொன்று படர்ந்துவரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்நோய் கண்டோர் பெரும்பாலும் குருடராயினர். கிழிசலே இதற்குக் காரணம், அதனை அடைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என்பதைச் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கொனின் 1920களில் நிலைநாட்டினார். இன்று கிழிசலை மட்டும் கண்டால், லேசர் ஒளியாலோ உறைகுளிராலோ அதன் விளிம்பை ஒட்டிவிடுகின்றனர். விழித்திரை பிரிந்துவிட்டால் சத்திரசிகிச்சை வேண்டும். ஆயினும், கூர்ந்த பார்வைக்குரிய நடுப்பகுதி பிரியுமுன் செய்யும் சிகிச்சையே சிறந்த பயன் தரும்.

குறும்பார்வையுடையோர், கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றோர், கண்ணில் அடிபட்டோர் ஆகியோர் கூடுதலாக விழிப்புடனிருத்தல் வேண்டும். நெடுநாளாக மாறாதிருக்கும் ஓரிரு புள்ளிகள் பெரும்பாலும் அஞ்சத்தக்கன அல்ல. திடீரெனப் புள்ளிகள் பெருகினாலோ, மின்னல் தோன்றினாலோ, திரை படர்ந்தாலோ அன்றே கண் மருத்துவரை நாடுக. விழித்திரைக்கு நோவை உணரும் நரம்பில்லை. நோவில்லையே என்று காத்திருப்பவர், காத்திருந்தே பார்வையை இழக்கக்கூடும்.