நாலு பேர், ஒரு புரொகிராம் – கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



"என் மெஷின்ல ஓடுச்சே சார்!" – ரிவ்யூ அன்று இந்த வசனத்தைப் பேசாத இறுதியாண்டு மாணவர் உண்டா? நாங்களும் பேசினோம். எங்கள் புராஜெக்ட் குழுவில் நாலு பேர். ஒருவன் தன் லேப்டாப்பில் பைத்தான் 3.10 போட்டு, அந்தப் பதிப்பில் (2021) புதிதாக வந்த 'மேட்ச்' கட்டளையை வைத்து மெனு பகுதியை அழகாக எழுதிக் கொண்டு வந்தான். லேபில் இருந்ததோ விண்டோஸ் 7. அதில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. தேர்வாளர் முன்னால் திரையில் வந்தது 'சின்டாக்ஸ் எரர்' ஒன்றுதான்! நாலு பேர் முகமும் தொங்கிப்போச்சு. புரொகிராமில் தப்பில்லை. ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசி வைக்காததுதான் தப்பு.

அப்படிப் பேச வேண்டியவை நான்கு:

1. மொழியின் பதிப்பு: குழுவில் இருப்பதிலேயே பழைய மெஷின் எதுவோ, அதில் ஓடுகிற பதிப்பே எல்லோருக்கும் பொது. புதியது வேண்டுமென்றால் முதலில் அந்த மெஷினை மாற்ற வழி பாருங்கள். லேப் பொறுப்பாளரிடம் கேட்டு லினக்ஸ் போட்டுக்கொள்வது ஒரு வழி.

2. லைப்ரரிகள்: பைத்தானோடு வரும் 'வென்வ்' மூலம் புராஜெக்டுக்கென்று தனிச் சூழல் உண்டாக்கலாம். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், 'பிப்' அதைப் படித்து நாலு மெஷினிலும் அதையே நிறுவும்.

3. கிட்: பென் டிரைவில் 'பைனல்', 'பைனல் 2', 'ஒரிஜினல் பைனல்' என்று நகல் எடுத்தே பாதிப் பேர் களைத்துப் போகிறோம். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் வேலைக்காக உருவாக்கிய கிட், யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பதைக் குறித்து வைக்கும். ஒரே வரியில் இரண்டு பேர் வெவ்வேறாகக் கை வைத்திருந்தால், சேர்க்கும்போது நிறுத்திக் கேட்கும். முழு வரலாறும் ஒவ்வொருவர் மெஷினிலும் இருப்பதால் நெட் இல்லாமலும் வேலை நடக்கும். பரிமாறிக்கொள்ளும்போது மட்டும் நெட் போதும். கிட்ஹப்பில் 2020 முதல் குழுவாகத் தனிக் களஞ்சியம் வைத்துக்கொள்வதும் இலவசம். லேப் மெஷினில் லாக்-அவுட் செய்ய மட்டும் மறக்காதீர்கள்!

4. டேபா, ஸ்பேஸா: சின்ன விஷயம்தானே என்று விடாதீர்கள். ஒரே பகுதியில் இரண்டும் கலந்தால் பைத்தான் 3 ஓட மறுக்கலாம். நாலு ஸ்பேஸ் என்று முடிவு செய்துவிட்டால் தீர்ந்தது.

அப்ப எடிட்டர்? அது அவரவர் இஷ்டம். ஒருவர் விம், ஒருவர் விஎஸ் கோட், ஒருவர் ஐடில் என்று வைத்துக்கொள்ளட்டும். சேமிக்கிற கோப்பு ஒரே மாதிரி இருந்தால் போதும். டாக்கர் (2013) நல்ல கருவிதான். ஆனால் 4 ஜிபி மெமரி உள்ள விண்டோஸ் மெஷின் அதைத் தூக்கத் திணறும். வேலைக்குப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் குழுவில் ஒருவனுக்குச் சொந்த லேப்டாப் கிடையாது. அவனுக்கு லேப் மெஷின்தான் கதி. அதில் ஓடாத கருவியை நாங்கள் பிடித்துக்கொண்டதால், ரெக்கார்டு எழுதுவதும் பிரிண்ட் எடுப்பதும்தான் அவன் பங்காக மிஞ்சியது. மார்க் நாலு பேருக்கும் ஒன்றாகவே வந்தது. தொழில் மட்டும் அவனுக்கு வரவில்லை. ரிவ்யூவில் பட்ட அவமானத்தைவிட இதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை கருவி தேர்ந்தெடுக்க உட்காரும்போது "எது லேட்டஸ்ட்?" என்று கேட்காதீர்கள். "நம்ம நாலு பேர்ல யாருக்கு இது ஓடாது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி புராஜெக்ட் முடிந்த மாதிரி!

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்