நாடோடி மன்னன்: காதலும் சிரிப்பும் கலகமும்

இன்று ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசலாம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களில் வளர்ந்தவர்களுக்கு 'நாடோடி மன்னன்' புதிதல்ல. கத்திச் சண்டையும் பாட்டும் நினைவில் இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்குள் இன்னொரு காரியமும் நடக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

1958 ஆகஸ்ட் 22இல் வெளிவந்த படம். எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, முதன்முதலாக இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தார். ஒருவன் மார்த்தாண்டன், அரசன். மற்றவன் வீராங்கன், மன்னராட்சியே வேண்டாம் என்று கிளம்பிய ஏழை. இருவருக்கும் ஒரே முகம். ராஜகுருவின் சூழ்ச்சியால் அரசன் மயங்கிக் கிடக்க, அரசனை எதிர்க்க வந்தவனே அரசனாக உட்கார வேண்டியதாகிறது. நாடே கொந்தளிக்கும் வேளையில் இப்படி ஓர் ஆள்மாறாட்டம்!

இந்தக் கதையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அந்தோணி ஹோப் என்பவர் 1894இல் எழுதிய 'செண்டாவின் கைதி' என்ற நாவலிலும் அரசனைப் போலவே இருக்கும் ஒருவன் முடிசூடுகிறான். அரசனுக்கு நிச்சயிக்கப்பட்ட இளவரசியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். கடைசியில் காதலையும் முடியையும் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறான். தமிழ்ப் படத்தில் பாருங்கள், அரசி மனோகரி ஏற்கெனவே அரசனின் மனைவி. வீராங்கன் அவளைத் தங்கையாகவே ஏற்கிறான். அங்கே காதல் தியாகம், இங்கே அண்ணன் தங்கை உறவு. நம் வீட்டுப் பெண்கள் படத்தைத் தயக்கமின்றி ரசித்ததற்கு இந்த ஒரு மாற்றம் போதும் என்பது என் எண்ணம்.

சிரிப்பும் இங்கேதான் பிறக்கிறது. கணவன் ஏன் விலகி விலகிப் போகிறான் என்று அரசிக்குப் புரியவில்லை, நமக்குப் புரியும். வீராங்கனை நேசிக்கும் மதனாவுக்கோ வேறு சந்தேகம். மதனாவாக நடித்த பானுமதி கருத்து வேறுபாட்டால் இடையில் விலகியதால் அந்தப் பாத்திரம் பாதியிலேயே சாகிறது. பிறகு சரோஜாதேவி வருகிறார், படமும் வண்ணத்துக்கு மாறுகிறது. சந்திரபாபு தனியாகச் சிரிக்க வைக்கிறார்.

இத்தனை கலகலப்பு எதற்கு? திராவிட முன்னேற்றக் கழகம் 1949இல் தொடங்கி, 1957இல்தான் முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடங்களைப் பிடித்தது. அடுத்த ஆண்டே இந்தப் படம். தணிக்கை இருந்த காலத்தில் கட்சிப் பேச்சை நேராகப் பேசிவிட முடியாது. அரண்மனைக் கதைக்குள் வைத்தால் பேசலாம். பொய் அரசன் சிம்மாசனத்தில் இருந்து ஏழைகளுக்காகச் சட்டங்களை அறிவிக்கும்போது, கைதட்டியவர்களுக்கு அது பழைய ராஜா கதையாகத் தெரியவில்லை. அந்தக் கட்சி 1967இல் ஆட்சிக்கு வந்தது. பிறகு தனிக்கட்சி கண்ட எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானார்.

ஆனால் அந்தச் சட்டக் காட்சியில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஒரு நல்லவன் நாற்காலியில் அமர்கிறான், படிக்கிறான், எல்லாம் கிடைத்துவிடுகிறது. மக்கள் நின்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். நம் மலாயாவில் அப்படி நடக்கவில்லை. படம் வந்தபோது நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. கூலி பேசுவதற்குத் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் உருவாகியிருந்தது. மாதாமாதம் சந்தா கட்டி அதை நிற்க வைத்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். சுதந்திர நாட்டின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1959இல் நடந்தது. வாக்குப் போடக் குடியுரிமை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்று, விண்ணப்பம், மொழித் தேர்வு என்று எத்தனையோ படிகள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் அந்தப் படியிலேயே நின்றுவிட்டார்கள். 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி அவசியமானபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை விட்டுக் கப்பலேறின. திடலில் நாடோடி மன்னனுக்குக் கைதட்டியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள்.

இந்தப் படம் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்தச் சட்டக் காட்சி வரும்போது சற்று நிறுத்தி, நம் வீட்டில் யாருக்கு எப்போது நீல அட்டை கிடைத்தது, விண்ணப்பத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் அந்தக் கதையும் படத்தைப் போலவே நீளமாக இருக்கும்.