சீதளியும் மந்திர மாத்திரையும்

யோக நூல்கள் கூறும் மூச்சுப் பயிற்சிகளுள் பல உடலில் வெப்பத்தை எழுப்புவனவாக இருக்க, குளிர்ச்சி தருவன என்று தனித்துப் பெயர் பெற்றவை சீதளியும் சீத்காரியும் ஆகும். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சுவாத்மாராமரின் ‘ஹட யோகப் பிரதீபிகை’ எட்டு வகைக் கும்பகங்களை, அதாவது மூச்சை உள்ளே நிறுத்தும் முறைகளை, விளக்கும்போது இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. அதற்குப் பிற்பட்ட ‘கேரண்ட சம்ஹிதை’யின் பட்டியலிலோ சீதளி மட்டுமே இடம்பெறுகிறது.

முதுகு நிமிர அமர்ந்து, நாக்கின் இரு ஓரங்களையும் மேல்நோக்கி மடித்துக் குழலாக்கி, நுனியை உதட்டுக்கு வெளியே சற்று நீட்டி, அதன் வழியே காற்றை மெல்ல உறிஞ்சியபின் வாயை மூடி மூக்கு வழியே விடுவதே சீதளி. சென்னையில் 1976-இல் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவிய டி.கே.வி. தேசிகாச்சார் கற்பித்த முறையில், மூச்சை இழுக்கும்போது முகம் மெல்ல உயரும். வெளிவிடுகையில் தலை தாழ, நாக்கின் நுனி பின்னோக்கி மடிந்து மேலண்ணத்தைத் தொட்டிருக்கும். உலர்ந்த நாக்கு அடுத்த மூச்சுக்கு முன் மீண்டும் ஈரம் பெறுவதற்கான ஏற்பாடு அது. நாக்கை மடிக்க இயலாதவர்கள் பற்களைச் சேர்த்து, அவற்றின் இடுக்கு வழியே ‘ஸீ’ என்ற ஒலியுடன் காற்றை இழுக்கும் சீத்காரியை மேற்கொள்ளலாம். நாக்கை மடிக்கும் திறன் முழுக்க மரபணு வழி வருவது என்று பள்ளிப் பாடங்களில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டாலும், 1952-இல் வெளியான ஆய்வொன்றில் 33 ஒத்த இரட்டையர் இணைகளுள் 7 இணைகளில் ஒருவருக்கு அது வாய்க்க மற்றவருக்கு வாய்க்கவில்லை.

குளிர்ச்சிக்குக் காரணம் எளிய இயற்பியலே. ஈரமான நாக்கின்மீது காற்று விரைந்து செல்லும்போது நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது நாக்கிலிருந்து எடுத்துக்கொள்வதால் நாக்கும் அண்ணமும் குளிர்கின்றன. மண்பானைத் தண்ணீரைக் குளிரவைப்பதும் இதே வினைதான். ஆனால் வாயில் உணரப்படும் இந்தக் குளிர்ச்சியைக் கொண்டு உடலின் உள்வெப்பமே இறங்கிவிட்டதாகக் கொள்வது பிழை. பித்தம், காய்ச்சல், பசி, தாகம், நஞ்சு ஆகியவற்றைச் சீதளி போக்கும் என்று பிரதீபிகை கூறுவதையும் பயிற்சியின் சிறப்பை உயர்த்திச் சொல்லும் மரபுவழிப் புகழுரையாகக் கொள்வதே தகும். காய்ச்சலுக்கு அது மருந்தாகாது.

மந்திரம் இதில் எங்கே சேர்கிறது என்ற வினா எழலாம். உறிஞ்சும்போதும் நிறுத்தும்போதும் வாய்விட்டு ஓத முடியாது. ஆகவே பிராணாயாமத்தில் மந்திரம் பெரும்பாலும் மனத்துக்குள்ளேயே ஒலிக்கிறது, அதன் முதல் பணி மூச்சின் காலத்தை அளப்பதாகும். கடிகாரம் இல்லாத காலத்தில் அதைவிட நம்பகமான அளவுகோல் அரிது. பீஜ மந்திரம் எனப்படும் ஓரெழுத்து ஒலியோடு செய்வதைச் ‘சகர்ப்பம்’ என்றும், மந்திரமின்றிச் செய்வதை ‘நிகர்ப்பம்’ என்றும் கேரண்ட சம்ஹிதை பிரிக்கிறது. இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என அது சொல்லும் மாத்திரைக் கணக்கு, அதாவது கால அளவு, திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் காணப்படும் அதே கணக்கு என்பது தமிழர் கவனிக்க வேண்டிய செய்தி.

குளிர்ச்சியும் மந்திரமும் மிக நெருங்கி இணையும் இடம், சீதளிக்கு முன்பாகவே கேரண்ட சம்ஹிதை கூறும் நாடி சுத்தி, அதாவது உயிர்மூச்சு ஓடும் பாதைகளாகிய நாடிகளைத் தூய்மையாக்கும் பகுதியாகும். காற்றின் எழுத்தாகிய ‘யம்’, நெருப்பின் எழுத்தாகிய ‘ரம்’ ஆகியவற்றோடு மூச்சை நடத்திய பின், மூக்கின் நுனியில் நிலவைப் பாவித்து, சந்திர பீஜத்தை 16 முறை எண்ணி இடநாசியால் இழுத்து, நீரின் எழுத்தாகிய ‘வம்’ 64 முறை ஒலிக்கும்வரை நிலவிலிருந்து அமுதம் வழிந்து நாடிகளை நனைப்பதாக எண்ணி நிறுத்தி, நிலத்தின் எழுத்தாகிய ‘லம்’ 32 முறை ஒலிக்க வெளியிட வேண்டும் என்கிறது நூல். இடநாசி மூச்சைச் சந்திர கலை என்றும் குளிர்ந்தது என்றும் சித்தர் மரபு கொள்வதோடு இது பொருந்துகிறது. இங்குக் குளிர்ச்சி நாக்கில் பிறக்காமல் பாவனையில் பிறக்கிறது.

மந்திரம் மூச்சை ஒழுங்குபடுத்துவதற்கு அறிவியல் சான்றும் உண்டு. இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் 23 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்னும் வடமொழி மந்திரமும், இலத்தீன் மொழியில் சொல்லப்படும் கத்தோலிக்கச் செபமாலையும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்குக் குறைத்தன. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. பயன் ஒரு சமயத்துக்கோ மொழிக்கோ மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

மாத்திரை ஒன்றுக்கு ஒரு நொடி என்றாலே கேரண்ட சம்ஹிதை கூறும் கணக்கில் ஒரு மூச்சு 112 நொடி நீளுமாதலால், புதியவர் அதை முயல்வது கூடாது. மூச்சை நிறுத்தாமல், இழுக்க ஒரு முறையும் விட இருமுறையும் சிறு மந்திரமொன்றை மனத்துக்குள் சொல்லித் தொடங்கினால் போதும். வாய்வழிக் காற்று மூக்கின் வடிகட்டலைப் பெறாததால் புகையும் தூசியும் உள்ள இடத்திலும் குளிர்காலத்திலும் சீதளியைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்துமா, சளி, தாழ்ந்த இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.