மஞ்சளின் பெருமையும் எல்லையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பள்ளிக்கூடத்து மாணவன் ஒருவன் நொண்டிக்கொண்டே வகுப்புக்குள் வந்தான். கணுக்காலில் துணிக் கட்டு; கட்டைச் சுற்றிலும் மஞ்சள். விசாரித்ததில், முதல் நாள் மாலை தெருநாய் கடித்துவிட்டதென்றும், தாயார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக் கட்டினாரென்றும் தெரிந்தது. கட்டை அவிழ்த்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் காயத்தைக் கழுவச் செய்தேன். தாயாரை வரவழைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சற்றுக் கோபமே வந்துவிட்டது.

"எங்கள் பாட்டி காலத்திலிருந்து கைகண்ட மருந்து, சார்! மஞ்சளில்கூடவா குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்?" என்று கேட்டார்.

மஞ்சளில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. அதன் பெருமைக்காக நம் தேசம் அயல்நாட்டில் வழக்காடியே வென்றிருக்கிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு, 1995-ஆம் ஆண்டில் மிஸ்ஸிஸிப்பி சர்வகலாசாலையின் வைத்தியப் பிரிவுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்திருந்த சங்கதி அங்கே புதுக் கண்டுபிடிப்பாகிவிட்டது! இந்திய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆட்சேபம் எழுப்பிற்று. பழைய வடமொழி ஏடுகளையும், 1953-ல் இந்திய வைத்தியப் பத்திரிகையில் வெளியான கட்டுரையையும் சாட்சியாக வைத்தது. 1997-ல் அந்த உரிமை ரத்தாயிற்று. வெறும் பெருமைப் பேச்சு அங்கே எடுபட்டிராது, சாட்சியம்தான் வென்றது. ஆகவே, வீட்டு வைத்தியத்தை மதிப்பவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கவும் தயங்கலாகாது.

சோதனையில் மஞ்சள் பல இடங்களில் தேறிவிடுகிறது. இருமல் காலத்தில் பாலில் மஞ்சளோடு மிளகுப் பொடியும் சேர்ப்பது நம் வழக்கமல்லவா? மஞ்சளிலுள்ள 'குர்க்குமின்' என்னும் சத்து தனியே உட்கொண்டால் உடலில் அதிகம் சேர்வதில்லை. மிளகின் சத்து கூடினால் பன்மடங்கு சேர்கிறதென்று 1998-ல் வெளியான பெங்களூர் ஆராய்ச்சி ஒன்று காட்டியது. ஒரு தம்ளர் பாலுக்குக் கால் டீஸ்பூன் மஞ்சளும் இரண்டு சிட்டிகை மிளகும் போதும். தொண்டைக்கு இதமாயிருக்கும். ஆனால் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் டாக்டரிடம்தான் போகவேண்டும்.

ஸ்நானத்துக்குப் பயற்றமாவுடன் கஸ்தூரி மஞ்சள் கலந்து பூசுவது எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும். புதிதாகப் பூசுகிறவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நலம்; சிலருக்கு அரிப்புக் காணும். மஞ்சள் பூசிக் கறுப்பை வெளுப்பாக்கலாம் என்பது மட்டும் பொய். கறுப்பு ஒரு நோயுமன்று. அதற்கு மருந்தும் வேண்டியதில்லை.

துணியில் பட்ட மஞ்சள் கறையைச் சோப்பால் தேய்த்ததும் சிவந்து போவதைக் கண்டு பயப்படவேண்டாம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நீர் சிவக்கிறதே, அதே காரணந்தான். நன்றாக அலசி வெயிலில் உலர்த்தினால் கறை தானே வெளிறிவிடும்.

வாங்கும்போதும் கவனம் தேவை. பளபளப்பான நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தை மஞ்சளில் பூசும் கொடுமையைப் பங்களாதேஷில் நடந்த ஆராய்ச்சி 2019-ல் வெளிப்படுத்தியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கண்டு மயங்காமல், நம்பிக்கையான கடையில் விரலி மஞ்சளாக வாங்கி, வீட்டில் இடித்தோ மில்லில் அரைத்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மஞ்சள் தேறாத இடங்களைச் சொல்கிறேன். தீப்பட்ட புண்ணில் மஞ்சளோ, மாவோ, மையோ அப்பலாகாது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் காட்டி, சுத்தமான துணியால் மூடவேண்டும். பிறந்த சிசுவின் தொப்புளில் எதையும் தடவாமல் சுத்தமாகவும் உலர்ந்தும் வைத்திருக்கவேண்டும். நாய்க் கடியோ எல்லாவற்றினும் அபாயமானது. வெறிநோய்க் கிருமி நரம்பின் வழியே மூளையை நோக்கி ஏறும். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. பூச்சும் கட்டும் அதைத் தடுக்கமாட்டா. சோப்புத் தண்ணீரும், தாமதமின்றிப் போடும் தடுப்பூசியுமே உயிர் காப்பவை. 1907 முதல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் இருந்துவருகிறது. ஆகவே இந்த ஊசியும் நம் பாட்டி காலத்ததுதான்!

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் பொறுமையாகச் சொன்னேன். அன்றே பையனை அழைத்துச் சென்றார். ஒரு தவணையும் தவறாமல் ஊசிகளைப் போட்டு முடித்தார். கடைசி ஊசி போட்ட மறுநாள், தம் வீட்டுக் கொல்லையில் விளைந்த மஞ்சள் கிழங்கு நாலைந்தை எனக்கென்று பையனிடம் கொடுத்தனுப்பினார். பையன் இப்போது பந்தாட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறான்.

நம் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் என்றும் இருக்கட்டும். நாய் கடித்த அன்று மட்டும் கை முதலில் சோப்பைத் தேடட்டும். கால் ஆஸ்பத்திரியை நோக்கி நடக்கட்டும்.