ஒரே சின்னம், மூன்று புள்ளடி

பாராளுமன்றத் தேர்தல் அறிவித்த முதல் வாரத்தில் பதுளை மாவட்டத்தின் பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் சின்னத்தைப் பற்றிய பேச்சு நடக்கும். இரண்டாம் வாரத்தில் அது அடங்கிவிடும். எந்த வீடு எந்தச் சின்னம் என்பது பெரும்பாலும் முன்பே தீர்ந்துபோன காரியம். அதற்குப் பிறகு பீலிக்கரையிலும் பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பேச்சு இலக்கத்தைப் பற்றித்தான். ஐந்தா, ஒன்பதா, பதினொன்றா? அந்தப் பேச்சில் வரும் வசவைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும். எதிர்க்கட்சிக்காரருக்கு அதில் பங்கு குறைவு. அடி முழுக்க விழுவது அதே சின்னத்தில் நிற்கும் இன்னொரு நம்மவர்மேல்.

"நம்ம ஆட்களுக்கு ஒற்றுமை இல்லை" என்று பெரியவர்கள் பெருமூச்சோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த விடை ஒருநாளும் போதவில்லை. வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதியில் ஒரு கணக்கு இருக்கிறது. நல்லவர்களையும் சண்டைக்குள் இழுத்துவிடும் கணக்கு அது.

இலங்கையில் பாராளுமன்ற வாக்குச்சீட்டு இரண்டு பாகம். மேலே கட்சிப் பெயரும் சின்னமும். அங்கே ஒரு புள்ளடி. கீழே வேட்பாளர்களின் இலக்கங்கள் மட்டும். அங்கே மூன்று புள்ளடிவரை போடலாம். இதுதான் விருப்பு வாக்கு, பதுளைச் சந்தையில் எல்லோரும் சொல்லும் 'மனாப்பே'. மேல் பாதியை எண்ணித்தான் கட்சிக்கு இத்தனை ஆசனம் என்று பிரிக்கிறார்கள். அந்த ஆசனங்களில் யார் உட்காருவது என்பதைக் கீழ்ப்பாதி முடிவு செய்கிறது. பதுளை மாவட்டத்துக்கு இப்போது 9 ஆசனங்கள். ஒரு கட்சி அதைவிட மூன்று பேரைக் கூட்டி 12 பேரை நிறுத்தலாம். ஆக 12 பேரும் ஒரே மேடையில் கைகோத்து நின்றாலும், அவர்களுக்குள் இன்னொரு தேர்தல் அதே நாளில், அதே தாளில் நடக்கிறது. அமெரிக்காவில் கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவு செய்ய முதனிலைத் தேர்தல் என்று மாதக்கணக்கில் தனியாக நடத்துகிறார்கள். இங்கே அது ஒரு விரற்கடை இடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பதுளைக்கு இப்படிப்பட்ட கணக்கு புதிதும் இல்லை. 1947 தேர்தலில் பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. ஒருவருக்கு இரண்டு வாக்கு. விரும்பினால் இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடலாம். சிறுபான்மையாக இருந்தாலும் சேர்ந்து வாழும் மக்கள் தங்கள் வாக்குகளைக் குவித்து ஓர் ஆளை அனுப்பலாம் என்பதுதான் அதன் பயன். அப்படித்தான் இடதுசாரியான ஜே. சி. டி. கொத்தலாவலவோடு இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவும் இதே பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனார். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள், வாக்கும் போயிற்று. தேயிலைக்கு உழைத்த இரண்டு தலைமுறை, தேர்தல் நாளில் லயத்து வாசலில் உட்கார்ந்து பிறர் வாக்களிக்கப் போவதைப் பார்த்தது.

மீதமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் விசேட சட்டம் 1988இல் நிறைவேறியது. அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் விருப்பு வாக்கைக் கொண்டுவந்ததும் அதே 1988இல்தான். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். நாற்பது ஆண்டு கழித்து வாக்குரிமை வீடு திரும்பியபோது மூன்று புள்ளடியையும் கையில் கொண்டு வந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்ளலாம். ஒரு கட்சிக்குத் தோட்டங்களிலிருந்து 60,000 பேர் வாக்களிக்கிறார்கள். பட்டியலில் தோட்டத்து வேட்பாளர்கள் இருவர். கடைசி ஆசனத்தைத் தொட 50,000 விருப்பு வாக்கு தேவை. வாக்களிக்கும் எல்லோரும் இருவருக்கும் ஒவ்வொரு புள்ளடி போட்டால் இருவருக்கும் 60,000, இருவரும் உள்ளே. பாதிப்பேர் ஒருவருக்கு மட்டும், மீதிப்பாதி மற்றவருக்கு மட்டும் போட்டால் ஆளுக்கு 30,000, இருவரும் வெளியே. தோட்டத்து வாக்குகளின் தொகை மாறவில்லை. இரண்டாவது புள்ளடி விழாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அப்படியானால் இருவரும் சேர்ந்து "எங்கள் இரண்டு பேருக்கும் போடுங்கள்" என்று கேட்கலாமே? மேடையில் அப்படித்தான் கேட்பார்கள். இரவில் கணக்குப் பார்க்கும்போது பயம் வரும். கட்சிக்கு ஆசனம் குறைந்து, கடைசி இடம் ஒன்றுதான் எஞ்சினால்? அப்போது பக்கத்து ஆள் வாங்கும் ஒவ்வொரு விருப்பு வாக்கும் என்னைத் தாண்டிப் போகும் வாக்கு. நான் நேர்மையாக இரண்டு இலக்கத்தையும் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய ஆட்கள் மறு டிவிஷனில் அவர் இலக்கத்தை மட்டும் சொன்னால் நான் ஏமாந்தவன். இந்தப் பயம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இருவர் செய்வதும் புத்திசாலித்தனம். கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் நட்டம்.

அவதூறு இந்த இடத்தில்தான் கருவியாகிறது. வாக்காளரை மற்றக் கட்சிக்கு மாற்றுவது கடினமான வேலை. பக்கத்து ஆளின் இலக்கத்துக்குப் போகும் கையை ஒரு நொடி நிறுத்துவது எளிது. "சங்கத்தை விற்றவர்", "துரைமாரோடு கைகோத்தவர்", "கொழும்பில் இருப்பவர், மண்சரிவு வந்தால் எட்டிப் பார்க்கமாட்டார்" என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். அந்த இலக்கத்துக்குப் புள்ளடி விழாது.

பட்டியலில் 12 பேர் இருக்கும்போது இந்த இருவர் மட்டும் ஏன் இப்படி மோதிக்கொள்ள வேண்டும்? அமெரிக்க முதனிலைத் தேர்தல்களை ஆராய்ந்த அமித் காந்தி, டானியலா இயோரியோ, கார்லி அர்பன் ஆகிய மூவர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு திறவுகோல் இருக்கிறது. இருவர் மட்டும் போட்டியிடும் இடத்தில் எதிராளியைத் தாக்கும் விளம்பரம், பலர் போட்டியிடும் இடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரக்கூடியது என்று அவர்கள் கண்டார்கள். காரணம் எளிமையானது. மூன்று பேர் இருந்தால், நான் ஒருவரைத் தாக்கக் கிடைக்கும் இலாபத்தில் பாதி, செலவே செய்யாத மூன்றாமவருக்குப் போய்விடும். இருவர்தான் என்றால் முழுதும் எனக்கு.

பதுளைப் பட்டியலில் இலக்கம் 12 இருந்தாலும் தோட்டத்து வாக்கு என்ற வயலில் உழுபவர்கள் இருவர் அல்லது மூவர்தான். பட்டியலின் உச்சியில் இருப்பவருக்கு இந்தச் சண்டை தேவையே இல்லை. 2015இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஹரின் பெர்னாண்டோவும், 2024இல் தேசிய மக்கள் சக்தியின் சமந்த வித்யாரத்னவும் இந்த மாவட்டத்தில் 2 இலட்சத்துக்கு மேல் விருப்பு வாக்குப் பெற்றார்கள். ஏணியின் மேல் படியில் காற்று அமைதியாக வீசுகிறது. முட்டி மோதுவதெல்லாம் கடைசி இரண்டு படிகளில்.

இனி, இந்தச் சொற்களைச் சொல்வது யார்? வேட்பாளரின் வாயிலிருந்து அவை வருவது அபூர்வம். மொட்டைக் கடிதமாக வரும், 'நலன்விரும்பிகள்' என்று கீழே அச்சிட்ட நோட்டீஸாக வரும், வட்ஸ்அப்பில் குரல்பதிவாக வரும். தோட்டத்தில் இதற்கெல்லாம் மேலே சங்கம் என்று ஒன்றும் இருக்கிறது. சம்பளத்தில் சந்தா பிடிக்கப்படும் தொழிற்சங்கமும் தேர்தலில் நிற்கும் அரசியல் அமைப்பும் மலையகத்தில் ஒரே உடம்பின் இரண்டு கைகள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், மலையக மக்கள் முன்னணி என ஒவ்வொன்றுக்கும் தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, மாவட்டப் பிரதிநிதி என்று வேர் இறங்கிய ஆட்கள் உண்டு. பெரிய கட்சி சின்னத்தை மட்டும் கொடுக்கும். அந்தச் சின்னத்துக்குள் இருந்துகொண்டு ஒரு சங்கம் இன்னொரு சங்கத்தோடு மோதும்.

வெளியார் கையால் எறியும் கல் ஏன் பலமாக விழுகிறது என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் 'சிட்டிசன்ஸ் யுனைட்டெட்' வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரோடு கலந்து முடிவெடுக்காத வெளிக்குழுக்கள் எல்லையில்லாமல் பணம் செலவிடும் வழி திறந்தது. 2012இல் குடியரசுக் கட்சிக்குள் நடந்த போட்டியில் மிட் ரொம்னியை ஆதரித்த அப்படி ஒரு குழு, நியூட் கிங்ரிச்சைத் தாக்கி விளம்பரங்களைக் கொட்டியது. டெபோரா ஜோர்டன் புரூக்ஸ், மைக்கேல் முரோவ் என்ற இருவர் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத குழுவின் பெயரில் வரும் தாக்குதல், வேட்பாளரே செய்யும் தாக்குதலைவிட அதிகம் பலித்தது. அடிபட்டவருக்குச் சேதம் வருகிறது. அடிக்கச் சொன்னவர்மீது மக்களுக்குக் கோபம் வருவதில்லை.

இன்னும் விந்தையான ஒன்று மனித நினைவுக்குள் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கார்ல் ஹொவ்லாண்ட் என்ற உளவியலாளரின் குழு, அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிரித்தானியாவின் போரைப் பற்றிய படம் ஒன்றைக் காட்டி அவர்களின் கருத்து எப்படி மாறுகிறது என்று பார்த்தது. ஐந்து நாளில் இருந்ததைவிட ஒன்பது வாரம் கழித்துச் சில கருத்துகள் இன்னும் கூடுதலாக மாறியிருந்தன. பிரசாரத்தின் பலம் நாளாக நாளாகக் குறையும் என்றுதான் எவரும் நினைப்போம். ஹொவ்லாண்ட் குழு கொடுத்த விளக்கம் இது: செய்தியும் அதைச் சொன்னவரும் நினைவில் ஒரே வேகத்தில் மறைவதில்லை. "இது நம்பத்தகாத ஆள் சொன்னது" என்ற எச்சரிக்கை முதலில் உதிர்ந்துவிடும். சொன்ன விஷயம் தங்கிவிடும். இதைத் தூங்கி எழும் விளைவு என்கிறார்கள். பின்னால் நடந்த ஆய்வுகள், எல்லாச் சூழலிலும் இது நிகழாது என்றும், செய்தியைக் கேட்ட பிறகு ஆளைப் பற்றி அறியும்போதுதான் தெளிவாகத் தெரியும் என்றும் காட்டின. மொட்டை நோட்டீஸுக்கு இதைவிடப் பொருத்தமான சூழல் இருக்குமா? கையில் வாங்கும்போது "எவனோ அடித்துவிட்டது" என்று சிரித்து அடுப்பில் போடுகிறோம். ஐந்து வாரம் கழித்து மறைப்புக்குள் வாக்குச்சீட்டோடு நிற்கும்போது, "அந்த ஆளைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டோமே" என்று மட்டும் ஞாபகம் வருகிறது. அடுப்பில் எரிந்த தாளின் ஒரு வரி கையை நிறுத்துகிறது.

கையை நிறுத்தாத தேர்தல்களும் இருந்தன. 2012 குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 15 ஆயிரம். இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதிந்தவர்கள் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். இலங்கைத் தமிழர் என்று பதிந்தவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்பது ஆசனத்தில் அது ஏறத்தாழ இரண்டு. 2015இல் தோட்டத்து வேட்பாளர்களான வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார் இருவரும் ஒரே பட்டியலில் வென்றார்கள். 2020இல் வெவ்வேறு அமைப்புகளின் ஆட்களாக ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலில் நின்று மீண்டும் இருவரும் வென்றார்கள். அதே தேர்தலில் பொதுஜன பெரமுனவுக்கு இங்கே ஆறு ஆசனம் கிடைத்தும் அந்தப் பட்டியலில் நின்ற செந்தில் தொண்டமானுக்கு இடம் கிடைக்கவில்லை. 2024இல் தேசிய மக்கள் சக்தியில் வென்ற ஆறு பேரில் மலையகத் தமிழர்களான கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் இருந்தார்கள். அந்தக் கட்சி இலக்கத்துக்காகத் தனித்தனியே பிரசாரம் செய்வதை ஊக்குவிப்பதில்லை. நாடெங்கும் வீசிய அலையும் காரணம்தான். ஆனாலும் மூன்று புள்ளடியையும் போட்ட கைகள் இல்லாமல் அந்த இரண்டாவது பெயர் வந்திருக்காது என்பது என் துணிபு.

பாராளுமன்றத்தை விட்டு மற்றத் தேர்தல்களைப் பார்த்தால், உள்ளூராட்சித் தேர்தலில் 2018 முதல் வட்டாரங்களோடு கூடிய கலப்பு முறை வந்துவிட்டதால் அங்கே விருப்பு வாக்கு இல்லை. ஊவா மாகாண சபையின் கதை வேறு. 2014 செப்டம்பரில் தெரிவான சபையின் காலம் 2019இல் முடிந்தது. 2017இல் சட்டத்தை மாற்றினார்கள், 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது, தேர்தல் நடுவழியில் நின்றுவிட்டது. அதை விரைவாக நடத்தப் பழைய முறைக்கே திரும்பலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. அப்படித் திரும்பினால் விருப்பு வாக்கும் கூடவே வரும். மடுல்சீமையின் பீலிக்கரையில் மறுபடியும் இலக்கங்களைப் பற்றிய பேச்சு தொடங்கும், கீழ்ப்பாதி மூன்று புள்ளடிகளுக்காகக் காத்திருக்கும்.